குழிக்குள் முதலில் போவது புத்தி

திண்டுக்கல்லுக்கு வாக்கப்பட்டு வந்த பெண்களும், வேலை மாற்றலாகி வந்தவர்களும் முதல் வாரத்தில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இதென்ன இப்படி நாத்தம்?" பேகம்பூர்ப் பக்கமிருந்து காற்று திரும்பினால் தோல்ஷாப் வாடை ஊருக்குள் வரும். அழுகிய முட்டை, சுண்ணாம்பு, ஈரத்தோல் மூன்றும் கலந்த வாடை. ஒரு மாதம் போனால் அந்தக் கேள்வியை அவர்கள் கேட்பதில்லை. மூக்குக்குப் பழகிவிடுகிறது.

தெருவில் நடந்து போகிறவருக்கு இது வெறும் பழக்கம். தோல்ஷாப்பின் கழிவுத் தொட்டிக்குள் ஏணி வைத்து இறங்குகிறவருக்கு இதே பழக்கம்தான் எமன். அழுகிய முட்டை வாடைக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். பத்து லட்சத்தில் நூறு பங்கு என்று ஏறினால், சில நிமிடங்களில் வாடையை உணரும் நரம்பே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிடும். உள்ளே நிற்பவர் அப்போது என்ன நினைப்பார்? "காத்து வந்திருச்சு, இனி வேலையைப் பாக்கலாம்" என்றுதான் நினைப்பார். எழுநூறு, ஆயிரம் என்று கூடும்போது ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் சரிந்துவிடுவார்.

மறுநாள் பத்திரிகையில் "விஷவாயு தாக்கி" என்று தொடங்கும் செய்தி வரும். அதன் இரண்டாவது வரியில், அவரைக் காப்பாற்றப் போன இன்னொருவரும் இருப்பார். தொட்டியின் சொந்தக்காரரோ காண்டிராக்டரோ, "எச்சரிக்கையா இருக்கச் சொல்லித்தான் இறக்குனோம்" என்பார். இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது. எச்சரிக்கையாக இருப்பதற்கு ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? சுற்றிலும் கவனிக்கும் புத்தி வேண்டும், கேட்டதை வேண்டிய நேரத்தில் எடுத்துக்கொடுக்கும் ஞாபகம் வேண்டும். உயிர் போகும் இடத்தில் உயிருக்கு முன்னால் போவது இவை இரண்டும்தான்.

தோலும் தொட்டியும்

பூட்டுக்கும் பிரியாணிக்கும் பேர்போன ஊர் என்று வெளியே சொன்னாலும், நகரத்தின் உழைப்பாளிக் குடும்பங்களில் பலவற்றுக்கு நூறு வருஷமாகச் சோறு போட்டது ஆட்டுத்தோல். ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோலைப் பதப்படுத்தினார்கள். 1970-களில் அரைகுறையாகப் பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு, முழுதாகப் பதனிட்ட தோலுக்கு மாறினார்கள். குரோமியமும் அமிலமும் பெரிய அளவில் வந்து சேர்ந்தன. இந்த ஷாப்புகளில் சுண்ணாம்புக் குழிக்குள் காலைவிட்டு நின்றவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள். அவர்களை ஏ. பாலசுப்ரமணியம் போன்ற கம்யூனிஸ்டுகள் சங்கமாகத் திரட்டிய கதை இந்த ஊரின் பெருமைக்குரிய கதை. திண்டுக்கல்லில் வழக்கறிஞராக இருந்த டி. செல்வராஜ் அந்த வாழ்க்கையை 'தோல்' என்ற நாவலாக எழுதினார். 2012-க்கான சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது. தோல் ஆலைக் கழிவு பற்றி 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வழங்கிய புகழ்பெற்ற வேலூர் தீர்ப்பிலும் திண்டுக்கல் மாவட்டத்தின் பெயர் இருக்கிறது. அந்த வழக்கு நிலத்தையும் தண்ணீரையும் பற்றியது. தொட்டிக்குள் இறங்கிய மனிதனின் மூளை அந்த வழக்கில் இல்லை.

வாயு எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொள்வது கடினமில்லை. தோலில் இருக்கும் முடியைக் கழற்றச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். இந்தக் காரத் தண்ணீர் தனியாக ஓடும்வரை சல்பைடு அதற்குள்ளேயே கிடக்கும். அடுத்தடுத்த கட்டங்களில் தோலுக்கு அமிலம் காட்டுகிறார்கள். அந்த அமிலத் தண்ணீர் வந்து முதல் தண்ணீரோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு குபுகுபுவெனக் கிளம்பும். தொட்டியின் அடியில் தங்கிய சேற்றிலும் கிருமிகள் இதே வாயுவை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். மேலே காய்ந்த ஏடு மூடியிருப்பதால் வெளியே தெரியாது. இறங்கியவரின் கால் அந்த ஏட்டை உடைத்துச் சேற்றைக் கலக்கும்போது, அடைந்து கிடந்தது மொத்தமும் முகத்துக்கு வரும். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் அடியிலேயே தங்கும். மேலே நிற்பவருக்கு நல்ல காற்று. கீழே குனிந்து சேற்றை அள்ளுகிறவருக்கு விஷம்.

வீட்டு செப்டிக் டேங்குக்கும் இதே கணக்குதான். சுற்றுவட்டாரத்தின் கிணறுகளில் கதை கொஞ்சம் வேறு. பாறையைக் குடைந்து ஆழமாக இறக்கிய கிணறுகள் இவை. தூர் வாரும்போது தண்ணீர் இறைக்க டீசல் எஞ்சினையே கிணற்றுக்குள் இறக்குவார்கள். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. கிணற்றில் விளக்கை ஏற்றிக் கட்டி இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம், ஆக்சிஜன் குறைந்திருந்தால் மட்டுமே காட்டிக்கொடுக்கும். ஆளைக் கொல்லும் அளவுக்கு மோனாக்சைடோ சல்பைடோ இருந்தாலும் விளக்கு நின்று எரியும்.

கண்ணாடியின் பின்பக்கம்

மூச்சுக்காற்று குறைந்தால் மனிதனின் அறிவு என்ன ஆகிறது என்பதைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்த ஒருவர் இருந்தார். பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன். சுரங்கங்களிலும் சாக்கடைகளிலும் ஆட்கள் ஏன் சாகிறார்கள் என்று கண்டுபிடிக்க வாழ்நாளைக் கொடுத்தவர். விஷக்காற்றை முன்கூட்டிக் காட்டிக்கொடுக்கச் சுரங்கத்துக்குள் சின்னப் பறவைகளைக் கொண்டுபோகச் சொன்னவரும் இவர்தான்.

முதல் உலகப் போர் முடிந்த சமயம், ஹால்டேனும் மலையேற்ற ஆய்வாளர் அலெக்சாண்டர் கெல்லாஸும் லண்டனில் காற்றழுத்தத்தைக் குறைக்கக்கூடிய இரும்பு அறை ஒன்றுக்குள் உட்கார்ந்தார்கள். அழுத்தத்தைப் பாதிக்கும் கீழே, 320 மில்லிமீட்டர் பாதரசம் வரை இறக்கினார்கள். வெளியே இருந்தவர்கள் கூட்டட்டுமா என்று கேட்டபோதெல்லாம் ஹால்டேன் 320-லேயே வைக்கச் சொன்னார். உறுதியான குரலில், திரும்பத் திரும்ப அதையே சொன்னார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் இப்படிப் போனது. பிறகு வெளியே வந்தவருக்கு நடந்தது எதுவுமே நினைவில் இல்லை. உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பார்க்கக் கண்ணாடியை எடுத்தவர், கொஞ்ச நேரம் அதன் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் அவரே பின்னால் எழுதி வைத்தார்.

உலகத்திலேயே இந்த விஷயத்தை மிக நன்றாக அறிந்த மனிதர் அவர். என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்து, எதிர்பார்த்து, கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர். அவராலேயே தன் புத்தி போய்விட்டதை உள்ளேயிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. போன புத்தி, தான் போய்விட்டதைச் சொல்லாது. நிதானமாக இருப்பதாகவே தோன்றும்; குடித்தவருக்குத் தோன்றுவது போல. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, வாளியும் மண்வெட்டியுமாகத் தொட்டிக்குள் இறங்குகிற ஒருவரிடம் "தலை சுத்துற மாதிரி இருந்தா உடனே மேலே வந்துரணும்" என்று சொல்லி அனுப்புகிறோம். ஹால்டேனால் முடியாததை அவரிடம் கேட்கிறோம்.

நாம் மூச்சுவிடும் காற்றில் ஆக்சிஜன் நூற்றுக்கு ஏறக்குறைய 21 பங்கு. அது 16-க்கு இறங்கும்போது கவனமும் கணிப்பும் குலையத் தொடங்கும். 10-ஐ நெருங்கும்போது கால் நடப்பதும் கை பிடிப்பதும் சொன்னபடி கேட்காது. ஏணி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு இதைவிடக் குறுக்கு வழியில் வேலை செய்யும். ஆக்சிஜன் இருந்தாலும் அதை உயிரணு பயன்படுத்த விடாமல் தடுத்துவிடும். சயனைடு செய்வதும் இதைத்தான். ஆக்சிஜனுக்கு மிகவும் பசித்த உறுப்பு மூளை. உடம்பின் எடையில் ஐம்பதில் ஒரு பங்கு இருந்துகொண்டு, உடம்பு எரிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அது கேட்கும். அதனால் முதலில் விழுவதும் அதுதான்.

2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல் – திருச்சி சாலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்ததை இந்த ஊர் மறந்திருக்காது. ஒரு குழந்தை உட்பட ஆறு பேர் இறந்தார்கள். லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களைத் தீயணைப்பு வீரர்கள் வெளியே எடுத்தார்கள். "தீப்பிடித்தால் லிஃப்டில் ஏறக் கூடாதுன்னு தெரியாதா?" என்று மறுநாள் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். புகைக்குள் நிற்கும் மனிதனுக்குத் தெரிந்தது எதுவும் கைக்கு வராது என்பதை அப்படிப் பேசியவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆபத்தில் மனம் பழகிய வழியைத்தான் தேடும். தினமும் ஏறி இறங்கிய லிஃப்ட் அந்தப் பழகிய வழி.

மச்சானைத் தூக்கப் போன மைத்துனன்

1895 ஜூலை 1 அன்று லண்டனை ஒட்டிய ஈஸ்ட் ஹாம் கழிவுநீர் நிலையத்தில் ஒரு தொழிலாளி குழிக்குள் விழுந்தார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கினார், அவரும் விழுந்தார். பிறகு மூன்றாமவர், நான்காமவர். மொத்தம் ஐந்து பேர் இறந்தார்கள். காரணத்தைக் கண்டறிய அழைக்கப்பட்டவர் இதே ஹால்டேன். ஹைட்ரஜன் சல்பைடுதான் என்று அவர் சொன்னார். தோழனைக் காக்கப் போய் உயிர்விட்டவர்களின் பெயர்கள் லண்டனில் போஸ்ட்மேன்ஸ் பார்க் என்ற பூங்காவில், தியாகிகளுக்கான ஓட்டுச்சுவரில் இன்றும் இருக்கின்றன.

நூற்று முப்பது வருஷம் ஓடிவிட்டது. நம் ஊர்ச் செய்திகளில் அதே வரிசை மாறாமல் வருகிறது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1986-ல் விடுத்த எச்சரிக்கையில், இப்படி அடைபட்ட இடங்களில் சாகிறவர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று சொன்னது. ஒருவர் வேலைக்குப் போய்ச் செத்தால், அவருக்காக ஒன்றுக்கு மேற்பட்டவர் சாகிறார்.

இரண்டாவதாக இறங்குகிறவரை வாயு இன்னும் தொடவில்லை. அவர் மேலே, நல்ல காற்றில்தான் நிற்கிறார். பிறகு ஏன் இறங்குகிறார்? அறியாமை என்று சொல்வது பெரும் அநியாயம். போன வருஷம் பக்கத்து ஊரில் இப்படி இரண்டு பேர் போனார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். கண் முன்னால் ஒரு மனிதன் சரியும்போது, உடம்பு ஒரு நொடியில் அட்ரினலினைக் கொட்டுகிறது. நெஞ்சு அடிக்கிறது, கைகால் முறுக்கேறுகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும், யோசித்து நிறுத்தி முடிவெடுக்கும் மூளைப் பகுதி அதே வேகத்தில் மங்குகிறது. யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் பல வருஷங்களாகக் காட்டிவருவது இதைத்தான்: கட்டுப்படுத்த முடியாத பதற்றத்தில் சுரக்கும் வேதிப்பொருள்கள் அந்தப் பகுதியின் இணைப்புகளைத் தற்காலிகமாக அறுத்துவிடுகின்றன. பார்வை ஒரு குழாய்க்குள் பார்ப்பதுபோலச் சுருங்கும். மனதில் ஒரே ஒரு எண்ணத்துக்குத்தான் இடம். 'அவனைத் தூக்கணும்.' கயிறு எங்கே, மூடி முழுதாகத் திறந்திருக்கிறதா, நமக்கு முன்னால் இறங்கியவன் எதனால் விழுந்தான் என்ற கேள்விகளுக்கு இடமில்லை.

நம் ஊரில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. இந்த வேலைக்குக் கூட்டாகப் போகிறவர்கள் பல நேரம் சொந்தக்காரர்கள். அண்ணன் தம்பி, மாமன் மச்சான். கீழே கிடப்பது மச்சான் என்றால் மேலே நிற்கிற மைத்துனனை எந்த வகுப்பும் எந்தச் சுவரொட்டியும் நிறுத்தாது. உயர்ந்த குணம் என்று நாம் கொண்டாடும் அதே குணம்தான் அவனை ஏணியில் இறக்குகிறது. நிறுத்தக்கூடியது ஒன்றே ஒன்று: இறங்காமலே தூக்க ஒரு வழி அவன் கைக்குப் பக்கத்தில் தயாராக இருப்பது. முதல் ஆள் இறங்கும் முன்பே இடுப்பிலும் தோளிலும் வார் கட்டி, அதன் கயிறு மேலே முக்காலியின் உருளையில் கோத்திருந்தால், பதறிப்போன மைத்துனனின் கை தானாக அந்தக் கயிற்றைத்தான் இழுக்கும். பதற்றத்தில் கை செய்யப்போவதை, பதற்றமில்லாத நேரத்தில் முடிவு செய்து வைக்க வேண்டும்.

"முன்னுக்குப் பின் முரணா பேசுறான்"

பிழைத்தவர் மயக்கம் தெளிந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போதே வாக்குமூலம் வாங்க வருவார்கள். எத்தனை மணிக்கு இறங்கினீர்கள்? யார் இறங்கச் சொன்னது? முகமூடி கொடுத்தார்களா? முதலில் விழுந்தது யார்? அவர் சொல்லும் பதில் காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறாகவும் இருக்கும். "முன்னுக்குப் பின் முரணா பேசுறான்" என்று எழுதிவிட்டால், இழப்பீட்டு வழக்கு அங்கேயே சாய ஆரம்பித்துவிடும்.

அவர் பொய் சொல்லவில்லை. அமெரிக்க ராணுவத்தில், எதிரியிடம் பிடிபட்டால் தாக்குப்பிடிக்கப் பயிற்சி தரும் பள்ளி ஒன்றில், மனநல மருத்துவர் சார்லஸ் மோர்கன் குழுவினர் ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீரர்களைச் சோதித்து 2004-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் வைத்திருந்து, பிறகு அரை மணி நேரத்துக்கும் மேல் நேருக்கு நேர் விசாரணை. ஒரு விசாரணை அடித்து மிரட்டியது, இன்னொன்று மென்மையானது. மறுநாள், விசாரித்தவரை அடையாளம் காட்டச் சொன்னார்கள். ஆட்களை வரிசையாக நிறுத்திக் காட்டியபோது, மென்மையாக விசாரித்தவரைச் சரியாகக் காட்டியவர்கள் நூற்றுக்கு அறுபது பேர் அளவில். அடித்து மிரட்டியவரைச் சரியாகக் காட்டியவர்கள் முப்பது பேர் அளவில்தான். பலர் சம்பந்தமே இல்லாத ஆளைக் கைகாட்டினார்கள். இவர்கள் உடல் தேறிய, பயிற்சி பெற்ற படைவீரர்கள். பகல் வெளிச்சம் போகாத தொட்டியில், சில நிமிடம் மூச்சடங்கிக் கிடந்தவரின் ஞாபகம் இதைவிடத் துல்லியமாக இருக்கும் என்று எந்த அதிகாரி எதிர்பார்க்க முடியும்?

ஆபத்தில் ஞாபகம் மொத்தமாகக் குறைந்துவிடுவதில்லை. சில துண்டுகள் ஆணி அடித்ததுபோல் பதியும். அவற்றைச் சுற்றியிருந்ததெல்லாம் பதியாமலே போகும். அச்சத்தைக் கையாளும் மூளைப் பகுதி அந்தக் கணத்தை அடர்த்தியாக எழுதும். எப்போது, எதற்குப் பின் எது என்று வரிசைப்படுத்தும் ஹிப்போகேம்பஸ் தடுமாறும். அதனால்தான் பிழைத்தவருக்கு விழுந்தவனின் செருப்பு எந்தப் பக்கம் கிடந்தது என்பது இருபது வருஷம் கழித்தும் தெரியும், எத்தனை மணி என்பது அன்று மாலையே தெரியாது. நேரக் கணக்கும் இப்படித்தான் ஏமாற்றும். டேவிட் ஈகிள்மேன் என்ற நரம்பியல் ஆய்வாளர் ஆட்களை 31 மீட்டர் உயரத்திலிருந்து வலைக்குள் விழவைத்துப் பார்த்தார். மற்றவர்கள் விழுந்த நேரத்தைவிடத் தாங்கள் விழுந்த நேரம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம் என்று சொன்னார்கள். அந்தக் கணத்தில் அவர்கள் பார்வை கூர்மையாகிவிடவில்லை. பின்னால் நினைத்துப் பார்க்கும்போதுதான் நேரம் நீண்டது. "அரை மணி நேரம் யாரும் வரலை" என்று பிழைத்தவர் சொன்னால் அது ஐந்து நிமிடமாக இருந்திருக்கலாம். அவருக்கு அது அரை மணி நேரம்தான்.

விசாரிக்கிறவர்கள் செய்ய வேண்டியதில் பெரிய சிரமம் எதுவும் இல்லை. முதல் நாள் கேட்டதை வைத்து அவரை மடக்காமல், தூங்கி எழுந்து உடம்பு தேறிய பிறகு அமைதியாக, இடைமறிக்காமல் சொல்லவிட வேண்டும். மணி, ஆள், உத்தரவு ஆகியவற்றுக்குச் சாட்சியாகக் காகிதத்தைத் தேட வேண்டும்: இறங்குவதற்கான எழுத்து அனுமதி, வாயு அளந்த பதிவு, செல்போன் அழைப்புகள். அந்தக் காகிதங்கள் இல்லை என்றால், குற்றம் ஞாபகம் இல்லாதவர் மீது இல்லை.

விரலுக்கு விலை உண்டு

"தப்பிச்சிட்டான்" என்று நாம் பேசுவதை நிறுத்தும் இடத்தில்தான் பல வீடுகளில் அடுத்த துன்பம் தொடங்குகிறது. நார்வேயில் ஹைட்ரஜன் சல்பைடால் நினைவிழந்து விழுந்து பிழைத்த ஆறு பேரைப் பல வருஷம் கழித்துப் பரிசோதித்த ஆய்வு 1991-ல் வெளியானது. அவர்களில் பெரும்பாலோருக்கு நினைவாற்றல், கற்கும் திறன், பார்வை, நடை என்று ஏதோ ஒன்றில் குறை நிலைத்திருந்தது. மூச்சடைப்பைத் தாங்கவே முடியாத இடங்கள் மூளையில் சில உண்டு. புது ஞாபகத்தை உண்டாக்கும் ஹிப்போகேம்பஸ் அவற்றில் முதன்மையானது. கார்பன் மோனாக்சைடு இன்னும் வஞ்சகமானது. நன்றாகத் தேறி வீட்டுக்கு வந்தவருக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூட மறதியும் தடுமாற்றமும் குணமாற்றமும் வரலாம். அதற்குள் டிஸ்சார்ஜ் சீட்டு பீரோவுக்குள் போயிருக்கும். கிணற்றில் மயங்கியதையும் இதையும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை.

வீட்டில் இது நோயாகத் தெரியாது. கடைக்குப் போய் என்ன வாங்க வந்தோம் என்று நிற்பார். சம்பளக் கணக்கு குழம்பும். சின்ன விஷயத்துக்குக் கை ஓங்குவார். பழைய வேலைக்குப் போனால் கருவிகளை எங்கே வைத்தோம் என்று தேடுவார். மேஸ்திரி கூப்பிடுவதை நிறுத்திவிடுவார். "முன்ன மாதிரி சுறுசுறுப்பு இல்லை", "குடிச்சுக் குடிச்சு மூளை மழுங்கிப்போச்சு" என்று அக்கம்பக்கம் முடிவு கட்டிவிடும். குடி இருக்கலாம். சாக்கடையிலும் மலக்குழியிலும் இறங்குகிறவர்களில் பலர் அந்த நாற்றத்தைத் தாங்கக் குடித்துவிட்டுத்தான் இறங்குகிறார்கள். அது வேலையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. குழிக்குள் போகும் முன்பே பாதி புத்தியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அந்த வேலையைச் செய்ய முடியும் என்றால், தவறு வேலையில் இருக்கிறது.

1923-ல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை உடம்பை உறுப்பு உறுப்பாகப் பிரித்து விலை வைத்தது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் நூற்றுக்கு 30 இழப்பு. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. அந்த வரிசையில் ஞாபகத்துக்கு ஒரு வரி கிடையாது. அட்டவணையில் இல்லாத காயத்துக்கு மருத்துவர் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். தொட்டியில் விழுந்து எழுந்தவரின் மறதியை மதிப்பிட்டுச் சான்று தரும்படி எந்த மருத்துவரிடம் யார் கூட்டிக்கொண்டு போகிறார்கள்? 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் பல்ராம் சிங் வழக்கில், சாக்கடையில் இறந்தால் 30 லட்சம், நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சம், மற்ற ஊனங்களுக்குக் குறைந்தது 10 லட்சம் என்று இழப்பீட்டை உயர்த்தியது. நல்ல தீர்ப்பு. மூளையில் ஏற்படும் ஊனத்தை அளந்து காட்டினால்தான் அந்தத் தீர்ப்பு பிழைத்தவரின் வீட்டு வாசலுக்கு வரும்.

அளப்பதற்கு வழி இருக்கிறது. கவனம், நினைவு, திட்டமிடும் திறன் எல்லாவற்றையும் சோதிக்க இந்தியர்களுக்கென்றே ஒரு தொகுப்பை பெங்களூரு நிம்ஹான்ஸ் 2004-லேயே வெளியிட்டுவிட்டது. திண்டுக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. தோல்ஷாப்புகளும் ஆழ்கிணறுகளும் உள்ள மாவட்டத்தின் மருத்துவக் கல்லூரி, விஷவாயுவில் பிழைத்த ஒவ்வொருவரையும் ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு வருஷம் என்று திரும்ப அழைத்துச் சோதிக்க வேண்டும். இதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. ஒரு பதிவேடும் ஒரு உளவியலாளரும் போதும்.

மேலே நிற்கும்போதே

பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மலக்குழிக்குள் மனிதரை இறக்குவதை 2013-ன் சட்டம் தடை செய்துவிட்டது. 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் என்று 2014 மார்ச் 27-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகும் நாடாளுமன்றத்தில் இந்த மரணங்களுக்குக் கணக்குக் கேட்டபோதெல்லாம் மேல்வரிசையில் நம் மாநிலத்தின் பெயர் இருந்தது. இயந்திரம் இல்லாத காலமும் இல்லை இது. கேரள இளைஞர்கள் உருவாக்கிய பாண்டிகூட் சாக்கடை இயந்திரம் வந்துவிட்டது. ஐ.ஐ.டி. மெட்ராஸ் பேராசிரியர் பிரபு ராஜகோபால் குழு, செப்டிக் டேங்கின் கெட்டிச் சேற்றைக் கடைந்து இறைக்கும் ஹோமோசெப் கருவியைச் செய்து களத்துக்குக் கொண்டுவந்துவிட்டது.

தோல்ஷாப் தொட்டியும் கிணறும் இந்தச் சட்டத்துக்குள் முழுதாக வராதவை. அங்கே இறங்கியே ஆக வேண்டிய வேலை இன்னும் இருக்கிறது என்று முதலாளிகள் சொல்வார்கள். அப்படியானால் இறங்குவதற்கு முன் செய்ய வேண்டியதெல்லாம் தரையில், நல்ல காற்றில், புத்தி முழுதாக இருக்கும்போது முடிந்துவிட வேண்டும். நான்கு வாயுக்களை அளக்கும் கருவி உள்ளங்கையில் அடங்கும். அதைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கிப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஊதுகுழாய் போட்டுக் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கருவி கத்தினால் இறங்கியவரைக் கேட்காமலே மேலே இழுத்துவிட வேண்டும். "இன்னும் அஞ்சு நிமிஷம்ணே, முடிஞ்சிரும்" என்று அவர் சொல்வது ஹால்டேன் 320-லேயே வைக்கச் சொன்னது போன்றதுதான். மூக்கில் கட்டும் துண்டும், மருந்துக்கடை முகமூடியும் தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. அனுபவமும் தடுக்காது. இருபது வருஷம் இறங்கியவர் என்றால் இருபது வருஷம் அதிர்ஷ்டம் இருந்தது என்று அர்த்தம்.

உங்கள் வீட்டு செப்டிக் டேங்க் நிரம்பினால், "ஆள் இருந்தா அனுப்புங்க" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். 14420 என்ற எண்ணைக் கூப்பிட்டால் உரிமம் பெற்ற வண்டி வரும். மூடியைத் திறந்த பிறகு யாராவது உள்ளே இறங்கக் காலை வைத்தால், வீட்டுக்காரர் நீங்கள்தான், வேண்டாம் என்று சொல்லுங்கள். தொட்டிக்குள்ளோ கிணற்றுக்குள்ளோ ஒருவர் விழுந்துவிட்டால் இறங்காதீர்கள். பக்கத்தில் நிற்கும் அண்ணனையோ மச்சானையோ இரண்டு பேராகச் சேர்ந்து பிடித்துக்கொள்ளுங்கள், எவ்வளவு திமிறினாலும் விடாதீர்கள். 101-க்கும் 108-க்கும் போன் செய்யுங்கள்.